மோரும் ரசமும் இருக்கும் வீட்டுக்கு

முடிச்சூர்,
9 ஜூன் 2002

அன்புள்ள பியூலா,

வீடு மாறிவிட்டோம். மேலே இருப்பதுதான் புது முகவரி, உன் செடிப் பண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள். தாம்பரத்து ஃபோனை இங்கே மாற்றித் தர மூன்று மாதம் ஆகுமாம். உன் பண்ணைக்கோ என்றைக்குமே ஃபோன் கிடையாது. ஆக, நமக்குக் கடிதம்தான்.

மாடி போர்ஷன். சுற்றிலும் காலி மனைகள், எல்லைக்கல் நட்டது நட்டபடியே நிற்கின்றன. போன வாரம் ஒரு மழை பெய்தது, அன்றிலிருந்து தவளைகளுக்குத்தான் வீடு சொந்தம் போல ஒரு சத்தம். ஹாலில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. ஆனால் வெள்ளைச் சுவரும் மொசைக் தரையுமாக, ரயில்வே வெயிட்டிங் ரூமில் குடித்தனம் நடத்துவது போல இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். செடி வேண்டும். வீட்டுக்குள் வைக்கிற செடி.

கடைக்குப் போனேன், போகாமல் இல்லை. பெருங்களத்தூர் நர்சரியில் எதைக் கேட்டாலும், "அது ஒண்ணும் பண்ணாதும்மா, தைரியமா வைங்க" என்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்கிறவனை எப்படி நம்புவது? ஹர்ஷாவுக்குப் பதினோரு மாதம். தவழ்ந்து போய்க் கையில் அகப்பட்டதை வாயில் போடுகிறான். நேற்று செருப்பு வார். முந்தாநாள் ரசத்தின் வால். ரசம் பாவம், கடிபட்டும் சும்மா இருந்தது.

இரண்டுக்கும் ஐந்து வயது முடிந்துவிட்டது, தெரியுமா? விடுதி மெஸ்ஸுக்குப் பின்னால் ஷூ டப்பாவில் கண் திறக்காமல் கிடந்த பூனைக்குட்டிகளுக்கு நீ இங்க் ஃபில்லரால் பால் புகட்டினாய். வெள்ளைக்கு மோர், செம்பட்டைக்கு ரசம் என்று மெஸ் மெனுவைப் பார்த்துப் பேர் வைத்ததும் நீதான். உங்கள் வீட்டு நாய்களுக்குப் பயந்து என்னிடம் விட்டுப் போனாய். மோர் உன் பாதி, ரசம் என் பாதி என்று அன்று பேசிக்கொண்டது எனக்கு இன்னும் கணக்குத்தான்.

அவரைப் பற்றி என்ன எழுத. நாராயணன் சத்தம் போட மாட்டார். டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கே ரெண்டும் வெளியே, நித்யா." பூனை முடி குழந்தையின் நெஞ்சுக்குள் போகும் என்று மாமியார் வேறு போஸ்ட் கார்டு போட்டிருக்கிறார். வீட்டில் ஒருவன் தும்மினால்கூட நான் பூனைகளுக்காக வாதாட வேண்டியிருக்கிறது.

பூனை கடித்தால் பூனைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, குழந்தை கடித்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அப்படிச் செடி இருக்கிறதா? தாவரவியலில் நாம் இருவரும் ஒரே மார்க்குதான், ஆனால் நான் எல்லாவற்றையும் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன்,
நித்யஸ்ரீ


கொடைக்கானல்,
3 ஜூலை 2002

ஏய் நித்தி,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சவுரிமுத்து நாடார் வாய்விட்டுச் சிரித்தது கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இன்றுதான். "செடி வாங்கச் சொன்னா இந்தப் பிள்ளை மாப்பிள்ளை பாக்குற மாதிரில்லா விசாரிக்கி" என்றார்.

முதலில், வேண்டாதது. அரளி வாசலில்கூட வேண்டாம். சைகஸ் வேண்டாம், பார்க்க ராஜா மாதிரி இருக்கும், விதையில் ஒன்றைத் தின்றால் போதும். டம்ப் கேன் வேண்டாம், அதுதான் பெரிய இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்தது, கடித்தால் நாக்கு வீங்கிவிடும். உன் வீட்டுக்காரருக்கு வேண்டுமானால் ஒன்று அனுப்புகிறேன். மணி பிளான்ட் எல்லார் வீட்டிலும் பாட்டிலில் தொங்கும், அதுவும் வேண்டாம், வாய் எரியும். வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கற்றாழை கட்டியிருப்பாயே, அது எட்டாது, இருக்கட்டும்.

வைக்கலாம் என்பது: ஸ்பைடர் பிளான்ட், பூனை அதோடு சண்டை போடும், ஜெயிக்கும், செடி மறுபடி முளைக்கும். அரேக்கா பாம். பாஸ்டன் ஃபெர்ன், ஆனால் தினம் தண்ணீர் தெளிக்க வேண்டும், உன் ஊர் வெயிலில் அது அழும். மராந்தா, சாயங்காலம் இலையைக் கூப்பிக்கொள்ளும், ஹர்ஷாவுக்கு வேடிக்கை. இவை எல்லாவற்றையும்விட, ஒரு அகலத் தொட்டியில் அருகம்புல் போடு. மோருக்கு வயிறு சரியில்லை என்றால் விடுதிப் புல்தரையில் அருகைத் தேடித் தேடிக் கடிக்குமே. வீட்டில் புல் இருந்தால் மற்றதைத் தொடாது. பிள்ளையாருக்கும் ஆச்சு.

ஜூலை 12 வெள்ளி ராத்திரி பஸ்ஸில் பெட்டி ஏற்றுகிறேன். சனி காலை ஆறரைக்குப் பெருங்களத்தூரில் இறக்கித் தருவார், டிரைவர் அப்பாவுக்குப் பழக்கம். பெட்டி மூடியில் "மோரும் ரசமும் இருக்கும் வீட்டுக்கு" என்று எழுதியிருக்கும், ஹோட்டல் சரக்கு என்று நினைக்காமல் இருந்தால் சரி.

ஒரு விஷயம். ஒவ்வொரு செடியிலும் சீட்டு கட்டியிருப்பேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி, காம்பஸ் முள்ளால் கீறி எழுதுவது எங்கள் பண்ணை வழக்கம். மழையிலும் அழியாது. ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடுவதை அப்பா வாங்கி வருவார். பஸ் ஸ்டாண்டில் கடைசி நிமிஷம் ஏதாவது சேர்த்து வைப்பேன், அதற்கும் சீட்டு இருக்கும். எங்கள் தொழிலில் கடிதம் கிடையாது, வாயால் சொல்வது கிடையாது. எல்லாம் சீட்டுதான். படித்துவிட்டுத் தொடு.

மோரின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடு, என் பேரைச் சொல்லி. என்னை மறந்திருக்கும். இருந்தாலும் சொல்.

பியூலா


முடிச்சூர்,
14 ஜூலை 2002, ஞாயிறு

என் பியூலா,

பெட்டி வந்தது! அவரையே அனுப்பினேன் ஸ்கூட்டரில். ரயில்வே கேட்டில் நிற்கும்போது பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா சார், மோரும் ரசமும் கீதுன்றாங்க, சாப்பாட்டுக் கடை வெச்சிக்கிறீங்களா?" என்று கேட்டாராம். உன்னால் என் வீட்டுக்காரர் ஒரு நாள் சிரித்தார், பியூலா. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு இரண்டாவது முறையும் சிரித்தார்.

எல்லாம் உயிரோடு வந்து சேர்ந்தது. பாசியைச் சுற்றி எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாய். அரேக்காவை ஜன்னல் பக்கம் வைத்தேன். ஸ்பைடர் செடியை ரசம் பத்தே நிமிஷத்தில் அடித்துச் சாய்த்தது, நீ சொன்ன மாதிரியே.

சீட்டுகளை மட்டும் முதல் வேலையாகக் கழற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நான் பெட்டியைப் பிரிக்கும்போதே ஹர்ஷா ஒன்றைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டான். மற்றதைவிட இரண்டு பங்கு நீளம் அது. ஃபிலிம் ஓரம் எவ்வளவு கூர்மை, தெரியுமா? உதட்டோரம் லேசாகக் கீறி ஒரு பொட்டு ரத்தம். அவர் பார்ப்பதற்குள் துடைத்து, எல்லாச் சீட்டையும் அறுத்து, பால் பவுடர் டின்னில் போட்டு மூடி, பரணில் ஏற்றிவிட்டேன். எந்தச் செடி எது என்றுதான் நீ முன்பே எழுதிவிட்டாயே!

ஆனால் நீ எழுதாதது ஒன்று இருந்தது. பெட்டியின் மேல் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, லில்லி! ஆறு தண்டு, எல்லாம் மொட்டும் பூவுமாக. கடைசி வருஷம் ஜெயக்கொடி மேடம் லேபுக்கு லில்லி கொண்டு வந்த அன்று, எனக்குக் கல்யாணமானால் இந்தப் பூதான் வீடு முழுக்க என்று நான் சொன்னதை நினைவு வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்கு வராமல் போனதற்கு இதுதான் அபராதமா? மன்னித்தேன். எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் ஊற்றி ஹால் நடுவில் வைத்திருக்கிறேன். வெயிட்டிங் ரூம் போய்விட்டது. வீடு வந்துவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன், சிரி. மோர் இன்று காலை முழுக்க அந்தப் பூவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. திரும்பினால் மூக்கிலும் நெற்றியிலும் ஆரஞ்சு மகரந்தம்! மோரில் குங்குமப்பூ கரைத்த மாதிரி. ஹர்ஷா கை தட்டிச் சிரித்தான். கீழ்வீட்டு அக்தர் பேகம் அக்கா பார்த்துவிட்டு, "அய்ய, கல்யாணப் பொண்ணு மாதிரி கீதே!" என்றார். ஃபோட்டோ எடுக்க நாராயணன் கேமராவில் ரோல் போடுவதற்குள் மோர் உட்கார்ந்து, கையை நக்கி நக்கி, முகத்தைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டது. அவ்வளவு அடக்கம், உன் பாதிக்கு.

காதுக்குப் பின்னால் சொறிந்தேன், உன் பேரைச் சொல்லி. கண்ணை மூடிக்கொண்டது. மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன்,
நித்யா


தந்தி
கொடைக்கானல், 18 ஜூலை 2002

லில்லியை உடனே வெளியே எறி. மகரந்தம் பூனைக்கு விஷம். சிறுநீரகம் போகும். மோரை இன்றே டாக்டரிடம் கொண்டு போ. பியூலா.


முடிச்சூர்,
26 ஜூலை 2002

பியூலா,

உன் தந்தி வெள்ளிக்கிழமை வந்தது. மோர் வியாழக்கிழமை காலை போய்விட்டது.

எழுதிவிடுகிறேன், ஒருமுறை.

உனக்குக் கடிதம் எழுதிய அன்று சாயங்காலமே வாந்தி எடுத்தது. திங்களன்று சாப்பிடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தைக்குத் தொற்றிவிடும் என்று அதைத் துணி துவைக்கிற பின்பக்கப் பாத்ரூமில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் தரையெல்லாம் டெட்டால் போட்டுத் துடைத்தேன். அவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் இரண்டும் வெளியே. இரண்டு நாள், பியூலா. இரண்டு நாள் அது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதல் நாள் கூப்பிட்டது. இரண்டாம் நாள் கூப்பிடவில்லை, நான் தேறிவிட்டது என்று நினைத்தேன்.

ரசம் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கீழ் இடுக்கில் கையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது.

புதன்கிழமை அக்தர் பேகம் அக்கா வாளி வாங்க வந்தவர் கதவைத் திறந்துவிட்டார். மோர் தண்ணீர் பக்கெட்டின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது. "யம்மா, இது வயித்துக் கோளாறு இல்ல. இவ்ளோ தண்ணி குடிச்சுக்கினே கீதுன்னா உள்ள வேற இன்னாவோ ஆய்ப்போச்சு. டாக்டராண்ட தூக்கினு போ. குழந்தைய நான் பாத்துக்கறேன், போ!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். மார்க்கெட் கூடையில் வைத்து ஆட்டோவில் போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது, வீட்டில் என்ன தின்றது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் பூனைக்கு ஆகிற செடி, தாவரவியல் படித்தவள் தேர்ந்தெடுத்து அனுப்பியது என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை மோர் போனது. அதற்கு மறுநாள் உன் தந்தி.

அதைப் படித்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. உனக்குத் தெரிந்திருக்கிறது. மகரந்தம், சிறுநீரகம் என்று ஒரு வரியில் எழுதுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். அரளி வேண்டாம், சைகஸ் வேண்டாம் என்று பெரிய மேதாவி மாதிரி எழுதிவிட்டு, அதே கையால் இதைச் சுற்றிக் கட்டியிருக்கிறாய். கல்யாணத்துக்கு வராத குற்ற உணர்ச்சியா, பூ அழகாக இருக்கும் என்ற அலட்சியமா, எதுவாக இருந்தாலும் சரி. நான் உன்னை நம்பிக் கேட்டேன். வேறு யாரையும் நம்பாமல் உன்னைக் கேட்டேன்.

அவர் "நான் சொன்னேன் இல்ல" என்றார். அவ்வளவுதான். ரசத்தை வெளியே விடச் சொல்லவில்லை. அதுகூடத் தாங்கவில்லை எனக்கு.

மோரைப் பின்பக்கக் காலி மனையில் புதைத்தோம். வீட்டில் இப்போது சாப்பாட்டுக்கு மோர் என்று கேட்க முடிவதில்லை. தயிர்த் தண்ணி என்கிறோம்.

நித்யஸ்ரீ


கொடைக்கானல்,
2 ஆகஸ்ட் 2002

நித்தி,

ஆமாம். அது நான் கட்டின பூ. நான் பெட்டியில் வைத்த பூ. எனக்குத் தெரியும், தெரிந்திருந்தது. மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

பாத்ரூமில் விட்டதை நினைத்து உன்னை நீ தின்னாதே. முதல் நாளே கொண்டு போயிருந்தாலும் கஷ்டம்தான். இங்கே ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவின் பூனைகள் இரண்டு போன வருஷம் இப்படித்தான் போயின. பெரிய ஊர் டாக்டரே ஒன்றும் செய்ய முடியவில்லை.

ரசம் தேடும். மோர் படுத்த துணியைத் துவைக்காமல் அதற்குக் கொடு.

அந்தச் சீட்டு டின்னைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா? அதைத் தூக்கிப் போட்டுவிடு. ஃபிலிம் ஓரம் ஆபத்துதான், நீ கழற்றியது சரி. ஹர்ஷா நடக்க ஆரம்பித்தால் பரணும் உயரமில்லை. பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காதே, கையைக் கிழிக்கும். அப்படியே டின்னோடு குப்பையில் போடு. இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

எங்கே புதைத்தாய், எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதினால் போதும். என் பாதி அல்லவா.

பியூலா


முடிச்சூர்,
19 ஆகஸ்ட் 2002

பியூலாவுக்கு,

கிணற்றுக்கு வடக்கே, வேப்பங்கன்று பக்கத்தில்.

செடிகளை அக்தர் பேகம் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டுக்குச் செடி வேண்டாம். இனி பெட்டி அனுப்ப வேண்டாம். கடிதமும்.

நித்யஸ்ரீ


கொடைக்கானல்,
20 டிசம்பர் 2002

நித்தி,

எழுத வேண்டாம் என்றாய். கிறிஸ்துமஸுக்கு மட்டும்.

லில்லிக் கிழங்குகளை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டேன். மூன்று பாத்தி. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கூடவே நின்று தோண்டினார். அந்த இடத்தில் கேரட் போட்டிருக்கிறோம்.

ஹர்ஷாவுக்கு முத்தம்.

பியூலா


முடிச்சூர்,
21 செப்டம்பர் 2003

பியூலா,

எப்படித் தொடங்குவது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஹர்ஷா தூங்குகிறான். எழுந்திருப்பதற்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தைரியம் வராது.

போன ஞாயிறு தாம்பரம் மார்க்கெட்டில் ஜெயக்கொடி மேடத்தைப் பார்த்தேன். கையில் தடி. "என்ன மேடம் இது?" என்றேன். "போன வருஷம் ஜூலைல முழங்கால் ஆபரேஷன் பண்ணிண்டேனே, ஒருத்திகூட எட்டிப் பாக்கலை. பாவம், பியூலாதான் லில்லி அனுப்பறேன், நித்யா கொண்டுவந்து தருவான்னு லெட்டர் போட்டா. அப்புறம் பஸ்லயே வாடிப்போச்சுன்னு எழுதிட்டா. உன் பெட்டியிலதானே வெச்சாளாம்?" என்றார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். காய் வாங்கினேன். எந்தக் காய் என்று தெரியாது.

டின் பரணில்தான் இருந்தது. நீ தூக்கிப் போடச் சொன்னாய். உன் பேச்சை எதற்காகவும் கேட்கக் கூடாது என்ற கோபத்தில் அப்படியே விட்டிருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். எல்லாச் சீட்டும் சின்னது. அரேக்கா, வாரம் இருமுறை. மராந்தா, வெயில் ஆகாது. அந்த நீளச் சீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். யாருடைய விலா எலும்போ, அதன் மேல் உன் கையெழுத்து:

"லில்லி. ஜெயக்கொடி மேடத்துக்கு. இன்றே கொடு. உன் வீட்டுக்குள் ஒரு நிமிஷம்கூட வேண்டாம். மோர், ரசம் இரண்டுக்கும் விஷம். வாசலோடு திருப்பிவிடு."

அந்த ஓரத்தில் இன்னும் பல் பட்ட தடம் இருக்கிறது. ஹர்ஷாவின் முதல் பல்.

பியூலா, நான்தான் கழற்றினேன். படிக்காமல் கழற்றினேன். குழந்தையின் உதட்டில் ஒரு பொட்டு ரத்தம் பார்த்ததும், அதில் எழுத்து இருக்கிறது என்பதே கண்ணில் படவில்லை. படித்துவிட்டுத் தொடு என்று எழுதியிருந்தாய். கழற்றிவிட்டேன் என்று நானே உனக்குச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். நீளமான சீட்டு என்றுகூட எழுதியிருக்கிறேன். நீ அதைப் படித்த நிமிஷமே தெரிந்துகொண்டிருப்பாய்.

அப்புறமும் "ஆமாம், நான் கட்டின பூ" என்று எழுதினாய். டின்னைப் பிரிக்காதே, குப்பையில் போடு என்று எழுதினாய். எனக்குத் தெரியாமலே போகட்டும் என்றுதானே? பதினாலு மாதம் உன்னை வீட்டில் எல்லாரிடமும் கொலைகாரி போலப் பேசியிருக்கிறேன். அக்தர் பேகம் அக்காதான் ஒருநாள் கேட்டார், "இன்னாம்மா, அந்தப் பொண்ணு அப்பிடிப்பட்டவளா? செடிக்கு இவ்ளோ பஞ்சு சுத்தி அனுப்பறவ." அவர் மேலும் கோபப்பட்டேன்.

இன்று நாராயணனிடம் சொன்னேன். நீளச் சீட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னான்னு நான் சொல்லிண்டே இருந்தேன்ல, அதனாலதானே நீ இப்படிப் பயந்தே" என்றார்.

ரசம் இன்னும் பாத்ரூம் கதவு சாத்தியிருந்தால் போய் இடுக்கில் கையை விடுகிறது. இப்போது யாரும் அந்தக் கதவைச் சாத்துவதில்லை.

நீ என்னைத் திட்ட வேண்டும். திட்டி ஒரு கடிதம் போடு. முன்பு மாதிரி, ஏய் நித்தி என்று ஆரம்பித்து.

நித்யா


கொடைக்கானல்,
8 அக்டோபர் 2003

நித்யா,

நீ அந்த டின்னை எறிந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று மட்டும் எண்ணாதே. அது முழு உண்மை இல்லை. மேடத்துக்குத் தனிப் பெட்டி போட்டால் பெருங்களத்தூரில் இறக்கி எடுக்க ஆள் இல்லை. உன் பெட்டியிலேயே போடலாம் என்று பஸ் ஸ்டாண்டில் தோன்றியது. பூனை இருக்கிற வீடு என்று கை ஒரு நிமிஷம் நின்றது. சீட்டு இருக்கிறதே என்று வைத்துவிட்டேன். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கூர் ஓரச் சீட்டை அனுப்புகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை, தெரியவில்லை. இப்போது ஓரத்தை எல்லாம் மெழுகுவர்த்தியில் காட்டி மழுக்கித்தான் கட்டுகிறேன். ஆகவே நான் ஒத்துக்கொண்டது பொய் இல்லை. பாதி என்னுடையதுதான்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோது, சீட்டைக் கழற்றினேன் என்ற வரி வந்ததும் விளங்கிவிட்டது. அதற்குக் கீழே, மகரந்தத்தைப் பார்த்து ஹர்ஷா கை தட்டினான் என்று எழுதியிருந்தாய். தபால் ஆபீஸுக்கு ஓடினேன். மழை. செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது, எடுக்க நிற்கவில்லை. அப்போதே மோர் போய்விட்டிருந்தது என்று பிறகு உன் கடிதத்தில் பார்த்தேன்.

திட்டச் சொல்கிறாய். மோருக்காகத் திட்ட மாட்டேன். பிள்ளையின் உதட்டில் ரத்தத்தைப் பார்த்த எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள்.

ஆனால் நீ ஒன்று எழுதினாய். தெரிந்தே அனுப்பினாய் என்று. நீ கேட்கவில்லை, நித்யா. ஏன்டி அனுப்பினே என்று நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ எனக்குத் தெரியாது. ஒருவேளை சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். நீ கேட்கவில்லை. சொல்லிவிட்டாய். இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டு, ராத்திரி எல்லாம் கண் விழித்து வளர்த்தவள் தெரிந்தே விஷம் கட்டி அனுப்புவாள் என்று உன்னால் நினைக்க முடிந்தது. பதினாலு மாதம் அப்படியே நினைக்கவும் முடிந்தது. பழியை ஏற்றுக்கொண்டபோது அது இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு நல்லவளாக இருந்திருக்க மாட்டேன்.

கோபம் என்று இல்லை. முந்தி பெட்டி கட்டும்போது உன்னோடு பேசிக்கொண்டே கட்டுவேன். இப்போது கை மட்டும்தான் கட்டுகிறது.

இத்தோடு அருகம்புல் ஒரு பத்தை வருகிறது, வேரோடு, ஈரத் துணியில் சுற்றி. வேறு ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. சீட்டு இல்லை, தேவையுமில்லை. வேப்பங்கன்று பக்கத்தில் நட்டுவிடு. கிணற்றுக்கு வடக்கே என்று எழுதினாய், மறக்கவில்லை.

ரசத்தைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பியூலா